செயலாளரின் ஆண்டறிக்கை 2025–2026: ஓயாக்கரைச் சுவரும் தவளைகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் தொடக்கம் 2026 மார்ச் வரையான அறிக்கை இது. வழமையாக மாதாந்தக் கூட்டம், சிரமதானம், நவராத்திரி, பிள்ளைகளுக்குக் கொப்பி என்று வரிசையாக வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவையெல்லாம் இந்த முறையும் நடந்தன. கூட்டக் குறிப்புப் புத்தகம் மேசையில் இருக்கிறது, விரும்பியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஓயாக்கரைச் சுவரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

பாலத்தடியிலிருந்து சந்தைக் கட்டடம் வரை வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டியபோது நம்மிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் காலை பெக்கோ வந்தது, அப்புறம் கம்பியும் சீமெந்தும் வந்தன. வேலை முடிந்து பார்த்தால், டீக்கடை வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆறே தெரியவில்லை. அந்தச் சுவரில் முதலில் ஏறியவை தேர்தல் சுவரொட்டிகள்.

அதில் சித்திரம் வரையலாம் என்று ஆரம்பித்து வைத்தவன் நான்தான். 2019 கடைசியில், ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாடெங்கும் இளைஞர்கள் சுவர்களில் படம் வரைந்தது நினைவிருக்கும். நமது பஸ் நிலையச் சுவரிலும் ஓர் அரசனும் ஒரு குளமும் வந்தன. நம் ஆட்கள் யாரும் அதில் இல்லை. இரண்டு மழைக்காலத்தில் அரசனும் உரிந்து போனார். பிறகு இளைஞர் அணித் தம்பி ஒருவர் போனில் அமெரிக்கப் படங்களைக் காட்டினார். கென்டக்கி மாநிலத்தில் பதூக்கா என்றொரு பட்டணம். 1937இல் ஒகாயோ ஆறு பெருகி ஊரை மூழ்கடித்த பிறகு கட்டிய தடுப்புச் சுவரில், 1996இல் தொடங்கி ஊரின் வரலாற்றையே கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து சபை கூடும்வரை நமது அனுமதிக்குக் கையெழுத்து வைக்க ஆள் இல்லை. அதன் பிறகு ஓர் அலுவலகத்தில் நமது கடிதம் தொலைந்தது. மூன்று தடவை பிரதி கொடுத்தேன். அனுமதி கைக்கு வரும்போது ஜூலை முடிந்துவிட்டது. சுவரைப் பார்க்க வந்த பொறியியலாளர் மூன்றே விஷயம் சொன்னார்: சுவரில் ஆணி அடிக்காதீர்கள், துளை போடாதீர்கள். வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேல்வரியைப் பூசாமல் விடுங்கள். ஆற்றுப் பக்கம் இருக்கும் நீர் வடியும் குழாய்களை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் அந்தக் குழாய்களால்தான் வெளியேறுகிறது. அது தேங்கினால் ஆறு தள்ளுவதற்கு முன்பே பின்னால் நிற்கும் தண்ணீர் சுவரைத் தள்ளிவிடும் என்று விளக்கினார்.

ஓகஸ்டில் எல்லோரையும் கூப்பிட்டு மண்டபத்தில் கூட்டம் போட்டோம். நான் ஒரு மாதிரிப் படத்தோடு போயிருந்தேன். நீர்வீழ்ச்சி, ரயில், கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண். தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தேயிலைப் பெட்டியிலயும் நாங்க, கலண்டர்லயும் நாங்க. இங்கயும் எங்க தலையிலேயே கூடைய மாட்டணுமா, தம்பி?" என்று கேட்டார். படத்தைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன். சுவரோரம் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் வரையலாம் என்று ஒருவர் சொல்ல, கோயில் கமிட்டி ஐயா எழுந்து, "வெள்ளம் வந்தா சாமியத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நாம மட்டும் ஓடுறதா?" என்றார். அந்த யோசனையும் அத்தோடு சரி.

பிறகு அதே அக்காதான் மறுபடி பேசினார். "ஆறு எங்களுக்கு வராது. எங்களுக்கு மலைதான் வரும். அதுக்குச் சுவர்ல என்ன எழுதப் போறீங்க?"

மண்டபத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியதை அங்கிருந்த யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் மழை அளவுகளையே எழுதுவது என்று முடிவானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, மஞ்சள் நிறம். 100 என்றால் வெளியேறத் தயார், செம்மஞ்சள். 150 என்றால் வெளியேறு, சிவப்பு. தெருப் பக்கம், சந்தைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். தோட்டத்து முன்பள்ளி வாசலில் ஒரு மழைமானியும் வைத்தோம். மற்றவர்கள் கேட்காத கேள்வியை அந்த அக்கா கேட்டதால் வந்தவை இவை.

ஆற்றுப் பக்கத்துக்கான யோசனை கடைத்தெருப் பெரியவர்களிடமிருந்து வந்தது. நான் அடிக்கணக்கில் அளவுகோல் வரையலாம் என்றேன். பள்ளிவாசல் பக்கத்து ஹாஜியாரும் ஹார்ட்வெயார் முதலாளியும், இருட்டில் எண்ணை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்டார்கள். ஆகவே, பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி, பஸ்ஸுக்கு நிற்கும் மூன்று பேரைப் படிபோல ஒருவரைவிட ஒருவர் மேலாக வரைந்தோம். கீழே செருப்புப் போட்ட பிள்ளை, அடுத்து பையோடு ஓர் அக்கா, மேலே குடை பிடித்த தாத்தா. எந்த மட்டத்தில் எந்தக் கடைக்குள் தண்ணீர் ஏறியது என்று பெரியவர்கள் ஞாபகத்திலிருந்து காட்டக் காட்ட, படங்களை ஏற்றி இறக்கினோம். பிள்ளையின் செருப்பு நனைந்தால் கீழ்க்கடைகளில் சாமானைத் தூக்க வேண்டும். அக்காவின் இடுப்புக்கு வந்தால் ஆட்கள் மண்டபத்துக்குப் போக வேண்டும்.

தவளைகள் பாடசாலைப் பிள்ளைகளின் வேலை. அடைக்கக் கூடாது என்ற குழாய்களைச் சுற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு தவளை வரைந்து, குழாயை வாயாக்கிவிட்டார்கள். மழை பெய்தால் தவளைகள் வரிசையாகத் துப்பும். ஒக்டோபர் மழையில் தரம் 6 பிள்ளை ஒருத்தி பாலத்தில் நின்று பார்த்துவிட்டு என் வீட்டுக்கே வந்து, "அங்கிள், மூணாவது தவளை துப்பல" என்றாள். இறங்கிப் பார்த்தோம். குழாயின் வாயில் ஒரு சொப்பிங் பேக்கும் வேரும் அடைத்திருந்தன. அடைப்பைத் தேட நாம் போட்டிருந்த குழு அதுவரை ஒரு தடவைகூடக் கூடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பாக இருக்கட்டும் என்று தெருப் பக்கத்துக்கு எனமல் பெயின்ட் வாங்கியது என் தவறு. பின்னால் ஈரம் ஊறும் சுவர். ஈரம் வெளியேற வழியில்லாமல் ஆறே வாரத்தில் பெயின்ட் கொப்புளம் கட்டியது, உரிந்த இடத்தில் உப்புப் பூத்தது. இரண்டாவது குறை எழுத்தில். படத்துக்கு மேலே எழுதக் கொடுத்தது 'வெள்ள மட்டம்'. எழுதி வந்தது 'வெல்ல மட்டம்'. சிங்களத்தில் ஒரு பிழையும் இல்லை. அரச பலகைகளில் தமிழைக் கொலை செய்கிறார்கள் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடும் சங்கம் நாம். திருத்தும்வரை இரண்டு வாரம் டீக்கடையில் என்னிடம் "வெல்லம் என்ன விலை?" என்று கேட்டார்கள்.

இனி நவம்பர். டித்வா புயல் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 27ஆம் திகதி மாலைக்குள் முன்பள்ளி மழைமானி 150ஐத் தாண்டியது. இரவு கரண்ட் போனது, பிறகு போன் சிக்னலும் போனது. இளைஞர் அணியினர் முறை வைத்துப் பாலத்தில் டோர்ச்சோடு நின்றார்கள். "செருப்பு நனைஞ்சிருச்சு!" என்று முதல் சத்தம் வந்தபோது கடைக்காரர்கள் இறங்கினார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து, "அக்கா இடுப்பு!" அதைச் சிங்களத்திலும் கத்தினார்கள். கீழ்த்தெருவில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஏறினார்கள். விடியுமுன் தாத்தாவின் குடையும் மறைந்தது. தாழ்வான சந்தை முனையால் வெள்ளம் தெருவுக்குள் இறங்கியது. ஆகவே சுவர் ஊரைக் காப்பாற்றியது என்று யாரும் பேச வேண்டாம். கடைகள் எல்லாம் போயின. நமக்குக் கிடைத்தது அந்த ஒன்றரை மணித்தியாலம்.

மேல்பிரிவில் ஒரு லயம் பாதி மண்ணுக்குள் போனது. ஆட்கள் முன்பே வெளியே வந்துவிட்டார்கள். சுவரில் எழுதியதால்தான் தப்பினார்கள் என்று இந்த அறிக்கையின் முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அந்த அக்கா கேட்டுவிட்டு வெட்டச் சொன்னார். "எண்ணும் பார்த்தோம்தான். ஆனா தரை நடுங்குச்சு, அதான் ஓடினோம்." வெட்டிவிட்டேன். நம் அங்கத்தவர்கள் சிலர் வேறு தோட்டங்களில் உறவினர்களை இழந்தார்கள். தலைவர் ஆரம்பத்திலேயே மௌன அஞ்சலி செலுத்தியதால் பெயர்களை மறுபடி வாசிக்கவில்லை.

நிவாரணப் பொருட்கள் பகிர்ந்த விவரம் தனியாக இணைக்கப்பட்டுள்ளது.

ஜனவரிக் கூட்டத்தில், வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் குறிப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கடை திறப்பது என்று சிலர் கேட்டார்கள், அதில் நியாயம் உண்டு. கடைசியில் குறிப்பது என்றானது. பெயின்டில் அல்ல. சேற்றோடு வெளியே எறிந்த உடைந்த தரை ஓடுகளையும் பீங்கான்களையும் வீட்டுக்கு வீடு சேர்த்து, மேசன் பாஸ் ஒருவர் தாத்தாவின் குடைக்கு மேலே சீமெந்தில் பதித்து வருகிறார். நீலப்பூப் போட்ட சோசர் ஒன்றின் பாதி அதில் இருக்கிறது. மறுபாதியையும் கொண்டுவந்து தந்தவர், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பாஸ் அப்படியே வைத்திருக்கிறார்.

கோடு பாதிதான் முடிந்திருக்கிறது. ஓட்டுத் துண்டுகள் இன்னும் தேவை, கூரான ஓரங்களைத் தேய்த்துத் தரவும். மூன்றாவது தவளை மறுபடியும் சரியாகத் துப்புவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்துக்கு நீளக் கம்பி உள்ளவர்கள் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்