கறை தெரியட்டுமா, வேண்டாமா? அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஊரறிய இங்கேயே பதில் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். "கல்யாணம், காதுகுத்து போட்டோ எடுக்கிற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம் அத்தை, மக்கள் வாழ்க்கையைப் படமெடுத்து ஆவணப்படுத்துகிற வேலை மட்டும் செய்யப் போகிறேன்" என்கிறாய். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த முதல் பாதியை ஏதோ சீக்கிரம் கழுவிவிட வேண்டிய அழுக்கு மாதிரி சொல்கிறாய் பார், அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். முகூர்த்த மாதங்களில் கல்யாணம். அப்புறம் ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார வைத்து எடுக்கிற ஜோடிப் படங்கள். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு டப்பா படம். நடுவில் கிரானைட் கம்பெனி கேட்லாக். தொண்டு நிறுவன வேலை எப்போதாவது வரும். பில் அனுப்பினால் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வாடகை கட்டுவது மஞ்சள் நீராட்டு விழா ஆல்பங்கள்.

சரி, பணத்தை விடு. கை பழகியதும் அங்கேதான். பாலிஷ் போட்ட கிரானைட் பலகை ஒன்றைப் படம் எடுத்துப் பார். கல் தெரியாது. ஜன்னலும் டியூப்லைட்டும் கேமராவோடு நிற்கிற நீயும்தான் தெரிவீர்கள். பளபளப்பை வெட்டுகிற போலரைசர் கண்ணாடியை லென்ஸ் முன்னால் மாட்டி, கொஞ்சம் சாய்வாக நின்று, வளையத்தை மெதுவாகத் திருகிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் பளபளப்பு விலகி, கல்லின் கறுப்புப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் மேலே வரும். வெயிலில் வியர்த்து மினுக்கும் முகத்துக்கும் அதே வித்தை உதவும். எந்தக் கிராமத்திலும் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கல் பட்டறையில் கற்றுக்கொண்டது.

அந்தக் கல்லிலிருந்தே விஷயத்துக்கு வருகிறேன். நம்ம தருமபுரி நிலம் முழுக்கப் பாறை. பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்திருக்கும். போர் போட்டு அதை மேலே இழுத்துக் குடித்தோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. நம் பக்கத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் ஏராளம். ஈறுக்குள் பல் உருவாகும் சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பழுப்புக் கறை பிடித்துவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் ஓடியது. அதற்கு முன்னால் வளர்ந்தவர்களின் பல் அப்படியேதான் இருக்கிறது.

அதனால் தருமபுரியில் கல்யாண ஆல்பம் போடுகிற எவரும் ஒரு வேலையைச் சொல்லாமலே செய்வோம். டிசைனரிடம் ஃபைல் கொடுக்கும்போதே, "பல்லைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்போம். அவரும் வெளுத்துக் கொடுத்துவிடுவார். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஒரு தொண்டு நிறுவன அறிக்கைக்காகப் பென்னாகரம் பக்கம் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் சொல்லி அனுப்பியது: பல் நெருக்கத்தில் வேண்டும், முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தால் நல்லது. ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏம்மா, எம் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவதானே நீ? அதுல எங்க பல்லயெல்லாம் வெள்ளையா ஆக்கிக் குடுத்த. இன்னைக்கு மஞ்சப் பல்லு வேணும்னு வந்து நிக்கற?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வரும்போதே ஒவ்வொருவர் கையும் வாயை மூடப் போனது. மண்டபத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்கும்போதும் அந்தக் கை அப்படித்தான் போகும். மேடையில் நின்று "கையை எடுங்க, பாட்டி" என்று எத்தனையோ தடவை சொன்ன வாய் எனக்கு. அன்றைக்கு அது வரவில்லை. காசு கொடுத்தவர் அன்று அந்த அம்மா இல்லையே.

அவரே கணக்கைப் பேசி முடித்தார். "எடுத்துக்கோ. ஆனா எம் பேரு, எங்க ஊர்ப் பேரு ரெண்டும் வரக் கூடாது. இன்னொருத்தி வீட்ல இருக்கா. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க, இந்த ஊரான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிருவாங்க." எடுத்ததையெல்லாம் கேமராத் திரையில் காட்டினேன். வருத்தமாக இருந்த படங்களை அழிக்கச் சொன்னார், அழித்தேன். வாய்விட்டுச் சிரித்த படத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். கறை அதில் நன்றாகவே தெரிகிறது. அலுவலகத்தில், "இவங்க சிரிக்கிறாங்களே" என்றார்கள். வாதாடிய பிறகு அந்தப் படமே அச்சுக்குப் போனது.

முகத்தைக் கொடுக்கிறவர்தான் வாடிக்கையாளர், காசு யார் பையிலிருந்து வந்தாலும். கல்யாண வீட்டில் இது தானாகவே நடந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் ஆல்பத்தைத் திருப்பி முகத்தில் எறிவார்கள். ஆவண வேலையில் அப்படி எறிய ஆள் இல்லை. அதனால்தான் அதை மட்டுமே செய்து வளர்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கேயின் அந்தப் புலம்பெயர்ந்த தாய் படத்தை உன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாய். 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்தது. லாங்கே அதற்கு முன் சான்பிரான்சிஸ்கோவில் வசதியானவர்களுக்குப் போர்ட்ரெய்ட் எடுக்கும் ஸ்டுடியோ நடத்தியவர். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஸ்டுடியோவுக்கு வருகிறவரிடம் பெயர் கேட்காமல் ரசீது போட முடியுமா? ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. படத்தால் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது. இன்னொன்று: மூலையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கட்டைவிரலை நெகட்டிவிலேயே மறைத்தார்கள். நம்ம டிசைனர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

சட்டத்தையும் தெரிந்துகொள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது அந்தச் சிரிப்புப் படம் எனக்கில்லை, தொண்டு நிறுவனத்துக்கு. அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு வாய்வார்த்தையாகவே இருந்தால் அடுத்த வருடம் யாரோ பெயரோடு போட்டுவிடலாம். அதனால் பெயர், ஊர் வராது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினேன். நீயும் முன்பணம் வாங்கும் முன் இதை எழுதி வாங்கு. காப்பகக் குழந்தைகள் என்றால் பேச்சே இல்லை. 2015 சிறார் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு, அடையாளம் தெரியும்படி படம் வெளிவரக் கூடாது.

போன வாரம் அந்த அம்மா போன் செய்தார். சின்னப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம், ஜாதகத்தோடு கொடுக்க ஒரு நல்ல போட்டோ வேண்டுமாம். எனக்கு அன்றைக்குக் காரிமங்கலத்தில் காதுகுத்து. நீ போய்ட்டு வா. 85 எம்எம் லென்ஸை எடுத்துக்கொள், ஜன்னல் வெளிச்சம் போதும், பிரிண்டுக்குக் காசு வாங்கிக்கொள். பல்லை என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதே, அந்தப் பெண்ணிடம் கேள்.

அன்புடன்,
அத்தை