பினியல் சுரப்பியின் மேலுள்ள குழிவு கட்டியன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் மூளை நீர்க்கட்டிகள் குறித்து வெளியான கட்டுரையைப் படிப்பவர், மூளையின் நடுவே உள்ள சிறிய பினியல் சுரப்பியை ஒட்டி ஸ்கேனில் தெரியும் நீர் வட்டம் எதுவானாலும் அதைக் கட்டி என்றே எண்ணிவிடுவார். பல ஆண்டுகளாக இப்படங்களைப் பார்த்து அறிக்கை எழுதிவரும் கதிரியக்க மருத்துவன் என்ற முறையில், அங்கே இயல்பாகவே அமைந்துள்ள ஒரு குழிவைப் பற்றிச் சொல்வது என் கடமை.

மூளையின் நடுக்கோட்டில், தலாமஸ் எனப்படும் இரு நரம்புத் திரள்களுக்கு இடையே ஒடுங்கிய பிளவுபோல இருப்பது மூன்றாம் வென்ட்ரிக்கிள்; மூளைத் திரவம் நிறைந்த அறைகளுள் ஒன்று. அதிலிருந்து முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாகச் சிறு குழிவுகள் நீள்கின்றன. பின்னவற்றுள் ஒன்று பினியலின் காம்புக்குள் நுழைகிறது. மற்றொன்று அச்சுரப்பிக்கு மேலாகப் பின்னோக்கிச் செல்கிறது. நான் சொல்ல வந்தது இந்த மேற்குழிவைத்தான். இதன் கூரை மெல்லிய சவ்வே என்பதால், அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். சிலருக்கு இருக்கும் இடமே தெரியாது. சிலருக்குப் பினியலையும் தாண்டி நீண்டிருக்கும். இந்த அறையிலிருந்து திரவம் வடியும் குறுகிய கால்வாய் அடைபட்டால் இது பலூன்போல உப்பி, நடுமூளையின் மேற்பரப்பை அழுத்தி, கண்களை மேல்நோக்கித் திருப்ப முடியாமற்கூடச் செய்துவிடும். 1918இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை வெளியிட்டார், சி.டி. வரும்வரை இத்தகைய குழிவுகளின் உருமாற்றத்தையும் கணக்கில் கொண்டே கட்டியின் இடம் கணிக்கப்பட்டது.

தவறு நேர்வது குறுக்குவெட்டுப் படத்தில். 5 மி.மீ. தடிமனில் எடுத்த சி.டி.யில், மூன்றாம் வென்ட்ரிக்கிளுக்குப் பின்னால் தனித்த கருவட்டம் ஒன்று தெரிய, ‘நீர்க்கட்டி’ என்று நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அந்த அம்மையார் ஒரு மாதம் உறங்காமல் தவித்த பிறகு, 1 மி.மீ. தடிமனில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூக்கின் நேர்கோட்டில் தலையை இரண்டாகப் பிளந்தாற்போலக் காட்டும் நடுக்கோட்டுப் படத்தில், அவ்வட்டம் ஒரு குறுகிய கழுத்தின் வழியே வென்ட்ரிக்கிளோடு சேர்ந்திருந்தது. பினியல் அதற்குக் கீழே பழுதின்றி இருந்தது. மூளைத் திரவத்தைக் கருமையாக்கிக் காட்டும் ஃபிளேர் வகை எம்.ஆர்.ஐ. படத்திலும் அதிலிருந்த திரவம் மற்ற அறைகளின் திரவத்தைப் போலவே முழுக் கருமையாக இருந்தது. பினியல் நீர்க்கட்டியாயின் பெரும்பாலும் சற்று வெளிறியே தெரியும்.

ஆகவே, குறுக்குவெட்டு ஒன்றை மட்டும் நம்பிக் ‘கட்டி’ என்ற சொல்லை அறிக்கையில் எழுதிவிட வேண்டாம் எனச் சக மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால் நோயாளிகள் அவற்றையும் உடன் கொண்டுவர வேண்டும்; பல ஆண்டுகளாக அளவு மாறாத குழிவைக் கண்டால் ஐயம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தாங்களும் மருத்துவப் பக்கத்தில் இதைத் தெளிவுபடுத்தி, இயல்பான நடுக்கோட்டுப் படம் ஒன்றையும் உடன் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கதிரியக்க மருத்துவர்