கண்ணை மூடாத பையன்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் கடிதம் வந்தபோது அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். உங்கள் பள்ளியில் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். எங்கள் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து நடக்கிறது. காலை வழிபாடு முடிந்து வகுப்புக்கு வந்ததும் ஐந்து நிமிடம் கண்மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் மட்டும் கண்ணை மூடவே மாட்டான். சேட்டை என்று நினைத்து இரண்டு முறை அதட்டினேன். பிறகு ஒருநாள் சத்துணவு நேரத்தில் தனியாக அழைத்துக் கேட்டபோது, தட்டின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே, "கண்ண மூடுனா ராத்திரி வீட்ல நடந்ததுதான் சார் வருது" என்றான். அதட்டியதை எண்ணிக் கூசிப்போனேன். இப்போது அவனுக்கு ஜன்னலோர இடம். கண்ணைத் திறந்தபடி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிரிட்டனில் 84 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய மிரியாட் என்னும் ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. வழக்கமான நலக் கல்வியைவிட இந்தப் பயிற்சி மாணவர்களின் மனநலத்தைக் கூடுதலாக மேம்படுத்தவில்லை என்றே அது சொன்னது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைத் தொடரவும் இல்லை. ஆனால், ஆசிரியர்களின் பணிச்சோர்வு ஓரளவு குறைந்திருந்தது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையைப் பார்க்கும் எனக்கு இதில் வியப்பில்லை. எமிஸ் என்னும் அரசுப் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், தேர்ச்சி விழுக்காடு, பெற்றோர் புகார் என்று ஓடி வந்து, அதே மூச்சில் வகுப்புக்குள் நுழைபவர் முதலில் யார்மீது எரிந்து விழுவார்? வெள்ளிக்கிழமை மாலையில் பத்து நிமிடம் நாங்கள் ஏழு பேர் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் அமர்கிறோம். ஒருவர் குறட்டை விடுகிறார், அதுவும் நல்லதுதான்.

ஆகவே, ஆசிரியர்களிடமிருந்து தொடங்குங்கள் என்பதே என் கருத்து. மாணவர்களுக்கு முதலில் தேவை, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் ஆலோசகர். மூச்சுப் பயிற்சி அவருக்கு மாற்றாகாது. அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416ஐக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன், யாரும் அழிப்பதில்லை. அந்தப் பையனின் தாயை, அவர் சம்மதத்துடன், ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்கள் பள்ளிக்கு ஆலோசகர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? அதை முதலில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்