செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், போஷகர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், இன்று நேரம் ஒதுக்கி வருகை தந்துள்ள அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

எமது ஓவிய மன்றத்தின் 2024 ஆம் ஆண்டுக்கான செயற்பாட்டறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு நிர்வாக சபைக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. அவற்றில் நான்கு, போதிய அங்கத்தவர் (கோரம்) இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்டன. தைப்பொங்கலை ஒட்டிக் கோலப் போட்டி நடைபெற்றது. மார்ச் மாதத்தில் பாடசாலை மாணவருக்கு ஒருநாள் நீர்வர்ணப் பயிற்சி வழங்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் சித்திரம் கற்கும் மாணவர் ஐவர் எமது கூட்டமொன்றில் தம் படைப்புகளைக் காட்டிப் பேசினர். ஓகஸ்டில் ஓவியர் ஆசை இராசையாவை விளக்கேற்றி நினைவுகூர்ந்தோம். வாணிவிழா வழமைபோல் நடந்தேறியது.

இனிச் சிமெந்துத் தாள் வேலைத்திட்டத்திற்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறைச் சிமெந்து ஆலையை அதன் பழைய தொழிலாளரே வெற்றுச் சிமெந்துப் பைக் கடதாசியில் நினைவிலிருந்து வரையும் திட்டம் இது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இது ஓவியமா, மன்றத்தின் பணம் இதற்கு ஏன் என்று கடைசி இரண்டு கூட்டங்களிலும் என்னிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. எழுத்தில் பதில் தருவேன் என்று சபையில் சொல்லியிருந்தேன். இதுவே அந்தப் பதில்.

காங்கேசன்துறைச் சிமெந்து ஆலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990 இல் யுத்தத்தோடு நின்றது. அந்த நாற்பது வருடத்தில் வலிகாமம் வடக்கில் எத்தனையோ குடும்பங்கள் ஷிப்ற், ஓவர்டைம், போனஸ், தொழிற்சங்கம் என்ற சொற்களோடு வளர்ந்தன. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஆனையிறவு உப்பளமும் போரிலே நின்றவைதான். உப்பளத்தில் பிறகு உப்பு விளைந்தது. சிமெந்து ஆலை எழும்பவில்லை. 2015 இல் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் திரும்பி வந்தது. முன்பு மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து ஆலைக்குக் களிமண் வந்ததும் புகையிரதத்தில்தான். இன்று காங்கேசன்துறையில் வீடு கட்டுகிறவர் புத்தளத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வருகிற சிமெந்தை வாங்கிக் கட்டுகிறார். ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த கிடங்குகளில் தண்ணீர் நிற்கிறது.

எங்கள் ஓவியர் போரை வரைந்திருக்கிறார்கள். இடப்பெயர்வையும் காணாமற்போனோரையும் முட்கம்பியையும் வரைந்திருக்கிறார்கள். அவை வரையப்படவேண்டியவை. ஆனால் இந்த மண்ணில் ஓர் ஆலை இருந்தது, அதில் ஆயிரக்கணக்கானோர் வியர்வை சிந்தினார்கள் என்பதைக் காட்டும் ஒரு படத்தை என் மாணவருக்குக் காட்ட நான் தேடியபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மனிதர்களுக்கு இப்போது எழுபத்தைந்து, எண்பது வயது. ஒவ்வொரு மாதமும் ஒரு மரண அறிவித்தல் வருகிறது. ஆகவேதான் பெப்ரவரிக் கூட்டத்தில் இந்தத் திட்டத்தை முன்மொழிந்தேன். அன்று எவரும் எதிர்க்கவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் பார்க்கலாம்.

வழிமுறை நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீடுகளை நினைவிலிருந்து தாங்களே தரைப்படமாக வரைய, அவற்றைக் கொண்டு பேராசிரியர் தா. சனாதனன் 2011 இல் ஒரு கலைநூலை உருவாக்கினார். கோடு கோணினாலும் கிணறு எங்கே, பூவரசு எங்கே என்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கிருந்த எண்ணம், ஆலையையும் இப்படி அதன் தொழிலாளரே வரையவேண்டும் என்பதே. தாளாக நாங்கள் எடுத்துக்கொண்டது வெற்றுச் சிமெந்துப் பையின் கடதாசியை. கட்டட வேலை நடக்கும் வளவுகளில் கேட்டு வாங்கி, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, பாரம் வைத்து நிமிர்த்தி எடுத்தோம். இறக்குமதித் தாளின் விலை 2022 நெருக்கடிக்குப் பிறகு எந்த மாணவருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் ஒரு காரணம்.

மே முதல் செப்ரெம்பர் வரை மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பழை, சுன்னாகம் பகுதிகளில் 23 பேரைச் சந்தித்தோம். என்னோடு நான்கு மாணவர் வந்தனர். ஒரு சந்திப்பை மட்டும் சொல்கிறேன்.

ஏழாலையில் ஓர் ஐயா. சூளைப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். கை நடுக்கம். அவர் சொல்லச் சொல்ல மாணவி ஒருத்தி வரையத் தொடங்கினாள். சூளையை நீளக் குழாயாக, தரைக்குச் சமாந்தரமாக வரைந்தாள். ஐயா தலையாட்டிவிட்டுக் கரிக்கோலை அவள் கையிலிருந்து வாங்கினார். “பிள்ளை, சூளை நேரா இல்லை. கொஞ்சம் சரிவு. அது சரிவாக் கிடந்து மெள்ள மெள்ளச் சுத்தும். சரிவில்லாட்டில் கல்லு எப்பிடி அங்கால போகும்?” என்று கேட்டுவிட்டு, நடுங்கிய கையாலேயே ஒரு சரிந்த கோட்டை இழுத்தார். கோடு தாளின் விளிம்புக்கு வந்து நின்றது. “இந்தப் பேப்பர் காணாது” என்றார். இன்னொரு பையை வெட்டி ஒட்டிக் கொடுத்தோம். அதுவும் காணவில்லை. நாலாவது தாளில்தான் சூளை முடிந்து, எரிந்த கட்டி ஆறுகிற இடம் வந்தது. அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால்தான் சிமெந்து என்று அவர் மாணவருக்குப் பாடம் எடுத்தார். பின்னேரம் நாலு மணிக்குப் போன நாங்கள் லைற் போட்ட பிறகுதான் எழும்பினோம். அவரது மனைவி தேத்தண்ணியோடு வந்து, “உந்த மனுசன் முப்பது வருசமா உதைப் பற்றி வாய் திறக்கேல்லை” என்றார்.

அந்த அம்மாவும் ஒரு படம் வரைந்தார். அதில் ஆலையே இல்லை. கிணற்றடி, உடுப்புத் தோய்க்கிற கல், கொடியில் ஒரு காற்சட்டை. தூசி படிந்த உடுப்பைத் தண்ணீரில் போடமுதல் உதறாவிட்டால் மடிப்புக்குள் இறுகிவிடும் என்றார். மாணவர் ஒருவர் அதைக் கேட்டு, ஒரு பழைய காற்சட்டையைச் சிமெந்துக் கரைசலில் தோய்த்து, கொடியில் இறுகவிட்டு, பொருளையே படைப்பாக வைக்கும் ஒரு நிறுவலாகச் செய்தார். காற்றுக்கு அசையாமல் அது தொங்கியதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இந்தக் காற்சட்டையைப் பற்றித்தான் எங்கள் மூத்த அங்கத்தவர்கள் சிலர் மனம் நொந்தார்கள். “உது ஓவியமோ?” என்று கேட்டார்கள். அவர்களுடைய தைலவர்ணத் திறமைக்கு நான் தலைவணங்குகிறவள். அவர்களில் இருவரிடம் நானே கற்றிருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை ஆரம்பித்தபோது, வெளியில் போய் இயற்கையைப் பார்த்து வரைவதும் இங்கே புதுமைதான். ஓவிய ஆசிரியர் மாற்கு மாஸ்டர் உருவங்களை உடைத்துக் கோட்டால் எழுப்பியபோது அதையும் விளங்கவில்லை என்றவர்கள் இருந்தார்கள். போரின்போது வர்ணமும் தாளும் கிடையாத பொருளாதாரத் தடைக் காலத்திலும் அவர் ஓவியத்தை விடவில்லை. அப்படி உருவான ஓர் ஊரில், சிமெந்துப் பையில் ஒரு தொழிலாளி வரைந்ததற்கு இடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு குற்றச்சாட்டு என்னை மிகவும் வருத்தியது. என் ஐயா அதே ஆலையில் பொதியடைக்கும் பகுதியில் வேலை செய்தவர். ஆகவே மன்றத்தின் பணத்தை என் குடும்பக் கதைக்குச் செலவழித்தேன் என்று இரண்டு மூன்று வாய்களில் பேச்சு வந்தது. என் ஐயா 2003 இல் காலமானார். 23 பேரின் படங்களில் அவருடைய படம் ஒன்றுமில்லை. அவரது அடையாள வில்லை என் அலுமாரியில் இருக்கிறது. அதைக்கூட நான் கண்காட்சியில் வைக்கவில்லை. போக்குவரத்துக்கு ஓட்டோக் காசை மே மாதம் மட்டுமே மன்றத்திலிருந்து எடுத்தேன். மற்ற நாலு மாதமும் என் ஓய்வூதியத்தில் போனது. பற்றுச்சீட்டுகள் கோப்பில் உள்ளன. யாரும் வாங்கிப் பார்க்கலாம்.

கண்காட்சியை ஆலை வளாகத்துக்கு அருகிலேயே வைக்க விரும்பி உரிய இடத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். மூன்றுக்கும் பதில் இல்லை. பிறகு சுன்னாகத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய புகையிலைக் களஞ்சியத்தைக் கனடாவிலுள்ள உரிமையாளர் மனமுவந்து தந்தார். செப்ரெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று திகதி தள்ளிப் போனது. நவம்பர் கடைசி வாரத்து மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். களஞ்சியத்துக்குள் முழங்கால் அளவு வெள்ளம் வந்தது. அன்று காலை வட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டு எழுதினேன். 30 பேர் பார்த்ததாகக் காட்டியது. வந்தவர்கள் மூன்று பேர். பொருளாளரும், தலைவரின் மகனும், ஏழாலையில் சூளையை வரையத் தொடங்கிய, மழையங்கி இல்லாமல் சைக்கிளில் வந்த அந்த மாணவியும். படங்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஏழு படம் நனைந்தது. மூன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றில் ஒன்றை வரைந்தவர் ஒக்ரோபரில் காலமாகியிருந்தார். அவருடைய படத்தை இன்னொருமுறை வரையச் சொல்லி எவரிடம் கேட்பது?

டிசெம்பர் 14, 15 ஆம் திகதிகளில் கண்காட்சி நடந்தது. வருகைப் பதிவேட்டில் 214 கையொப்பம். சூளைப் படத்தை நீளத்துக்கு விரித்துச் சுவரில் சரிவாகவே மாட்டியிருந்தோம். ஏழாலை ஐயா பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். முன்பின் தெரியாத இரண்டு வயோதிபர் அதே படத்தின் முன் நின்று, எந்த வருடம் எந்த ஷிப்ற் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள் என்று கண்டுகொண்டார்கள். எங்கள் பிள்ளைகளின் நல்ல படைப்புகள் கொழும்பிலும் கடல் கடந்தும் போய்ப் பாராட்டுப் பெறுகின்றன, அது எங்களுக்குப் பெருமை. ஆனால் யாருடைய வாழ்க்கையை வைத்து அவை செய்யப்பட்டனவோ அவர்கள் பார்ப்பதற்கு இங்கே ஒரு சுவர் இல்லை. பண்பாட்டு மையத்தின் பெரிய மண்டபம் யாழ்ப்பாண நகரத்தில் எழும்பியிருக்கிறது. ஏழாலையிலிருந்து எண்பது வயதுக்காரர் அங்கே போய்ப் படம் பார்க்கமாட்டார். இந்த வேலைத்திட்டத்தின் நியாயம் எனக்கு அவ்வளவுதான்.

எமது 47 அங்கத்தவர்களில் கண்காட்சிக்கு வந்தவர்கள் 11 பேர். அங்கிருந்து அரை மைல் தூரத்தில் குடியிருக்கும் அங்கத்தவர்களும் வரவில்லை. கலியாணவீடு, செத்தவீடு, பிள்ளையின் ரியூசன் எல்லாம் எனக்கும் உண்டு.

வரவு செலவைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த மீதியில் ஒரு பகுதி கண்காட்சிக்குப் போனது. பயிற்சிக் கட்டணமும் நன்கொடையும் ஓரளவு ஈடுசெய்தன. பெரிய கடன் எதுவும் இல்லை. களஞ்சியத்தின் மின்கட்டணத்தில் ஒரு சிறு தொகை மட்டும் நிலுவை. சந்தாவைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. மாதம் நூறு ரூபா, வருடம் 1200. முழுதாகக் கட்டியவர்கள் 19 பேர். 2022 இலிருந்து ஒரு சதமும் கட்டாதவர்கள் ஒன்பது பேர். இவர்களில் சிலர் கண்காட்சிப் படங்களுக்கு முன் நின்று எடுத்த போட்டோக்களை முகநூலில் போட்டு “எமது மன்றம்” என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை அவர்கள் எழுதியதில் எனக்குச் சந்தோசமே. அந்த உரிமையோடு பாக்கியையும் தீர்த்துவிட்டால் மின்கட்டணமும் தீரும், இரண்டு படத்துக்குக் கண்ணாடிச் சட்டமும் போடலாம். பெயர்களை நான் வாசிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவருக்கும், கணக்காய்வாளருக்கும், கதிரைகள் தந்த சனசமூக நிலையத்தாருக்கும், களஞ்சியம் தந்த உரிமையாளருக்கும், சிமெந்துப் பைகளைச் சேர்த்து வைத்துத் தந்த மேசன்மாருக்கும், சாப்பாடு தந்த இல்லங்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. வெள்ளத்தில் வந்த மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வரும் ஆண்டைப் பற்றி. களஞ்சியத்தைச் சித்திரைக்குப் பின் விற்கப்போவதாக உரிமையாளர் அறிவித்திருக்கிறார். மிஞ்சிய 20 படங்களும் பிவிசி குழாய்களுக்குள் சுருட்டப்பட்டு என் வீட்டு முன்னறையில் கிடக்கின்றன. கறையான் பயத்தில் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். ஓர் அறையும், பூட்டுப் போட ஒரு கதவும், ஒழுகாத கூரையும் இருந்தால் போதும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் வீடு பூட்டிக் கிடக்கிற அங்கத்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். போய்ச் சந்திக்கவேண்டிய தொழிலாளரின் பெயர்கள் இன்னும் பதினைந்து என் கொப்பியில் உண்டு. பொதியடைக்கும் பகுதியில் நின்றவர்கள் நாலு பேர், கற்கிடங்கில் வெடிவைத்தவர் ஒருவர். இவருக்கு எண்பத்தாறு வயது. கண் மங்கிக்கொண்டு வருகிறது. வைகாசிக்கு முன் போகவேண்டும்.

நான் ஏழு வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். முழங்கால் முன்போல் இல்லை. இன்றைய தெரிவில் வேறொருவர் முன்வந்தால் கோப்பு, முத்திரை, குழாய்கள் எல்லாவற்றையும் மனநிறைவோடு ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் தொடர்வேன். ஆனால் ஏழாலைக்கும் மல்லாகத்துக்கும் தனியே போக என்னால் இயலாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேர் கூட வந்தால் போதும். பெயர் தருகிறவர்களுக்கான தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு அதே மேசையில் ஐந்து மணிவரை இருப்பார்.

நன்றி.

செயலாளர்