எர்னெஸ்ட் பைனரைப் பற்றி மாப்ளைக்கு ஒரு கடிதம்

கிளீவ்லாந்து

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கிரீன்வில்லில் ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தங்கச்சியைப் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் அனுப்பச் சொல். முதல் வருடம் அதில்தான் ஓடும்.

இனிமேல் பந்து வீசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. இத்தனை வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் உனக்கு மைதானம்தான். இப்போது அணியில் உன்னைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கேட்கிறார்கள், நீ தயங்குகிறாய். "ஆடத் தெரிந்தவனுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க வருமா?" என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு எர்னெஸ்ட் பைனர் நினைவு வந்தார், அமெரிக்கக் கால்பந்தில் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்காக இருந்தவர். உன் மகள் படிக்கும் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். இந்த ஊரில் கொஞ்சம் வயதானவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப்பார், முகமே மாறிவிடும்.

ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில்லில் பிறந்தவர். 1984 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரைப் பத்தாவது சுற்றில், 280ஆவது ஆளாக எடுத்தது. இன்றைய டிராஃப்டில் ஏழு சுற்றுதான். இன்றாக இருந்தால் அவர் பெயரை யாரும் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே அவரும் கெவின் மேக்கும் ஒரே அணியில் ஒரே சீசனில் ஆளுக்கு ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார்கள். அதற்கு முன்பு அந்தச் சாதனையைச் செய்தவை இரண்டே ஜோடிகள்.

ரன்னிங் பேக்கின் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் திணிக்கும் பந்தை வாங்கிக்கொண்டு, நூற்றிருபது கிலோ ஆட்கள் நிற்கும் சுவருக்குள் நுழைய வேண்டும். எதிரணிக்காரன் ஆளை மட்டும் சாய்க்க வருவதில்லை, பந்தைத் தட்டிவிடவும் வருகிறான். பந்தின் முனையை விரல்களால் மூடி, முன்கைக்கும் புஜத்துக்கும் நடுவில் வைத்து விலாவோடு அழுத்தி ஓட வேண்டும். கூட்டத்துக்குள் போனால் இரண்டு கையும் அதன் மேல் இருக்க வேண்டும். கோல் கோட்டுக்கு அருகில் வந்துவிட்டால் மனம் கோட்டுக்குப் போய்விடும், கை தளர்ந்துவிடும். அங்கேதான் ஆபத்து.

1988 ஜனவரி 17. டென்வரில், லீகின் ஒரு பாதியான ஏஎஃப்சியின் இறுதிப் போட்டி. ஜெயித்தால் சூப்பர் பவுல், அதாவது லீகின் இறுதி ஆட்டம். பாதி ஆட்டத்தில் பிரவுன்ஸ் 21-3 என்று பின்தங்கியிருந்தது. அங்கிருந்து அணியைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதல் ஆள் பைனர். அன்று மட்டும் ஓடியும் பந்தைப் பிடித்தும் 187 யார்டு, இரண்டு டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு உள்ளே சேர்ப்பது). கடைசியில் டென்வர் 38, பிரவுன்ஸ் 31. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமான நேரம்தான் மிச்சம். கோட்டுக்கு எட்டு யார்டு. பந்து பைனர் கையில். இடது பக்கம் நல்ல வழி திறந்தது, உள்ளே போய்விட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கோட்டுக்கு மிக அருகில் டென்வரின் ஜெரமையா காஸ்டீல் பந்தைப் பிடுங்கினார், அதன் மேலேயே விழுந்தும் விட்டார். நேரத்தைக் கடத்த டென்வர் வேண்டுமென்றே இரண்டு புள்ளியை விட்டுக்கொடுத்து ஜெயித்தது, 38-33. 'தி ஃபம்பிள்' (பந்தை நழுவவிட்டது) என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. காஸ்டீலைத் தடுத்து நிறுத்த வேண்டியது வெப்ஸ்டர் ஸ்லாட்டர் என்ற பிரவுன்ஸ் ரிசீவரின் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) வேலை. அவர் தடுக்கவில்லை. பிரவுன்ஸ் பயிற்சியாளர் மார்ட்டி ஸ்காட்டன்ஹைமர் இதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். பைனர் இல்லாவிட்டால் அந்த எட்டு யார்டு தூரத்துக்கே அணி வந்திருக்காது. ஆனால் பழி முழுவதும் ஒரே ஒருவர் தலையில் விழுந்தது. அடுத்த சீசன் முடிந்ததும், 1989இல், அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டு மைக் ஒலிஃபன்ட் என்ற இளம் ஓட்டக்காரரை பிரவுன்ஸ் வாங்கிக்கொண்டது. ஒலிஃபன்ட் இங்கே ஆடியது சொற்பம்.

அந்த டென்வர் போட்டியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எதிர்ப்பக்கக் கோட்டில் நின்ற டென்வர் பயிற்சியாளர் டான் ரீவ்ஸும் பழைய ரன்னிங் பேக்தான். டிராஃப்டில் யாரும் எடுக்காமல் டாலஸ் கவ்பாய்ஸில் சேர்ந்தவர். 1966இல் 16 டச்டவுன். பிறகு ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து, கடைசியில் முழுநேரப் பயிற்சியாளர் ஆனார். தலைமைப் பயிற்சியாளராக நான்கு முறை சூப்பர் பவுலுக்குப் போய் நான்கிலும் தோற்றார். 2022 புத்தாண்டு அன்று காலமானார். ஓட்டக்காரர்களிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் ஆனவர்கள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். பைனர் போன வழி வேறு.

வாஷிங்டனில் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் பைனரை நம்பி உழைக்க விட்டார். 1990இல் 1,219 யார்டு, 1991இல் 1,048 யார்டு, இரண்டு ஆண்டும் புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. 1992 ஜனவரியில் மினியாபொலிஸில் பஃபலோவை 37-24 என்று வீழ்த்திய சூப்பர் பவுலில் வாஷிங்டனின் முதல் டச்டவுன் யாருடையது? குவார்ட்டர்பேக் மார்க் ரிப்பியன் எறிந்த பந்தைப் பிடித்து உள்ளே போனவர் பைனர். நாலு வருடத்துக்கு முன்னால் கை நழுவவிட்ட ஆளிடம் அப்படிப்பட்ட ஆட்டத்தில் பந்தைக் கொடுக்கிறார்கள் என்றால், அந்த அணி அவரை எப்படிப் பார்த்தது என்று யோசி.

அப்புறம் 1994இல் கிளீவ்லாந்துக்கே திரும்பி வந்தார். எத்தனை பேர் அப்படி வருவார்கள்? 1995 நவம்பரில் அணியின் உரிமையாளர் ஆர்ட் மொடெல், அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். ஊரே துக்க வீடானது. டிசம்பர் 17 அன்று பழைய முனிசிபல் ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம், சின்சினாட்டியோடு. 33 வயது பைனர் 31 முறை பந்தைச் சுமந்து 121 யார்டு ஓடினார். பிரவுன்ஸ் 26-10 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக உள்ளே போகவில்லை. ரசிகர்கள் இருந்த தடுப்புச் சுவரோரம் போய்க் கையைப் பிடித்து விடை சொன்னார். அவரைத் திட்டிய ஊர் அது. அன்றைக்கு அங்கே அழுதவர்கள் அணிக்காக மட்டும் அழவில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

பால்டிமோரில் இன்னும் இரண்டு சீசன். மொத்தம் பதினான்கு ஆண்டுகள், 8,261 யார்டு. ரன்னிங் பேக்குகளில் பலர் நாலைந்து வருடத்தில் முட்டி போய் வீட்டுக்குப் போகிறார்கள். ஓய்வுக்குப் பிறகு அதே பால்டிமோரில் இளம் வீரர்களைப் பண்படுத்தும் பொறுப்பு. 2004இல் ஜோ கிப்ஸ் மீண்டும் வாஷிங்டனுக்கு வந்தபோது, பைனரை ரன்னிங் பேக் பயிற்சியாளராகக் கூட்டிக்கொண்டார்.

இப்போதுதான் உன் கேள்விக்கு வருகிறேன். அவரிடம் வந்தவர்களைப் பார். வாஷிங்டனில் கிளின்டன் போர்ட்டிஸ்: 2005இல் 1,516 யார்டு, அதுவரை அந்த அணியில் ஒரே சீசனில் யாரும் அவ்வளவு ஓடியதில்லை. 2008இல் டென்னஸியில் கிரிஸ் ஜான்சன். இவரும் ஈஸ்ட் கரோலினாப் பையன்தான், மகளிடம் சொல். டிராஃப்டுக்கு முன்னால் 40 யார்டை 4.24 விநாடியில் ஓடியவர். 2009இல் முதல் ஆறு ஆட்டத்தையும் தோற்ற அணியில் இருந்துகொண்டு 2,006 யார்டு ஓடினார். 2011இல் ஜாக்சன்வில்லில் மாரிஸ் ஜோன்ஸ்-டிரூ: குள்ளம், பாறை மாதிரி உடம்பு. ஐந்து ஆட்டம் மட்டுமே ஜெயித்த அணியில் 1,606 யார்டு, லீகிலேயே முதலிடம். 2012இல் டாம்பாவில் டக் மார்ட்டின், முதல் சீசனிலேயே 1,454 யார்டு.

இதையெல்லாம் பைனர் மட்டுமே செய்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன்களுக்குக் காலும் தைரியமும் இருந்தது. ஆனால் நால்வரும் நான்கு விதம். ஒருவர்கூடப் பைனர் மாதிரி ஓடுகிறவர் இல்லை. ஜான்சனின் வேகத்தில் பாதிகூட அவரிடம் எந்நாளும் இருந்ததில்லை. தன் ஓட்டத்தை அவர்கள் மேல் சுமத்தியிருந்தால் கெடுத்திருப்பார். எந்த வகை ஓட்டக்காரனுக்கும் பொதுவாகத் தேவைப்படுபவை வேறு: பந்தை எப்படி அணைப்பது, முன்னால் தடுக்கும் ஆளின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக் காத்திருப்பது, குவார்ட்டர்பேக்கைத் தாக்க வருபவனைக் கண்டுபிடித்து நெஞ்சைக் கொடுத்து நிறுத்துவது. கடைசியில் சொன்னது வராததால்தான் பல இளம் வீரர்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். ரன்னிங் பேக் பயிற்சியாளரின் வேலையில் பெரும்பகுதி இதுதான். தொலைக்காட்சியில் யாரும் காட்ட மாட்டார்கள். பைனர் தலைமைப் பயிற்சியாளர் ஆனதே இல்லை. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. தனக்கு அணு அணுவாகத் தெரிந்த ஒன்றைப் பத்து வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

பந்தை விட்டுவிட்ட ஒரு பையன் பெஞ்சில் வந்து தலை குனிந்து உட்காரும்போது, பக்கத்தில் போய் உட்கார அவரைவிடத் தகுதியான ஆள் யார்? நீயும் கடைசி ஓவரில் அடி வாங்கியிருக்கிறாய், அடுத்த வாரமே திரும்பப் போய் வீசியும் இருக்கிறாய். வேகத்தை இனி காட்ட முடியாது, சரி. பந்தின் தையலை எப்படிப் பிடிப்பது, பேட்ஸ்மேனின் கால் எப்போது நகர்கிறது, இதெல்லாம் உன் தோளிலா இருக்கிறது? ஒத்துக்கொள், மாப்ள. முதல் மாதம் யாரையும் மாற்றாதே. அவரவர் எப்படி வீசுகிறார்கள் என்று சும்மா பார்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கிறார்கள். மார்ச் மாதம் பிள்ளைகளின் விடுமுறைக்கு அந்தப் பக்கம் வரலாம் என்று பேச்சு. உனக்கு எந்த வாரம் தோது என்று எழுது, அதற்கேற்ப டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்