ரோட்டோடு போகும் ஃபைபர் வீட்டுக்குள்ளும் வரட்டும்: எங்கள் ஊர் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

கிராம சபை உறுப்பினர்களுக்கு, அதாவது ஓட்டு உள்ள நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும், வணக்கம்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். கேபிள்காரன். டி.வி.யில் படம் வராத அன்றைக்குத் திட்டு வாங்குகிறவன். இப்போது கண்ணாடி இழை வழியாக வருகிற ஃபைபர் நெட் இணைப்பும் கொடுக்கிறேன். ஆகவே இந்தக் கடிதத்தில் கேட்கிற காரியம் நடந்தால் எனக்கும் வரும்படி உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வருகிற ஆகஸ்ட் 15 கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட வேண்டும். ஊராட்சித் தெருக்களில் ஃபைபருக்குக் கம்பம் நடவும், தரைக்கடியில் குழாய் பதிக்கவும் வழிவிடுகிற தீர்மானம்.

டீக்கடையில் இதைப் பேசியபோது, "ஆளுக்கொரு போன் கையில இருக்கு, இன்னொரு வயர் எதுக்குப்பா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2016-க்குப் பிறகு டேட்டா மலிவானபோது வீட்டுக்கு ஒரு நல்ல போன் இருந்தது, அதற்கு டவர் போதும். இன்று அதே வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன நடக்கிறது? பெண் பிள்ளை குரூப் 4 பரீட்சைக்கு நேரலை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அப்பத்தா விட்டுப்போன சீரியலை யூடியூபில் டி.வி.யிலேயே பார்க்கிறார். சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் வீடியோ காலில் வருகிற நேரமும் அதுதான். தோப்பில் கொப்பரைக் களத்துக்கு வைத்த கேமரா வேறு ஓயாமல் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இத்தனையும் ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது. எட்டரைக்கு மெசேஜ் வரும்: இன்றைய டேட்டா 90 சதவீதம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் நடப்பது டேட்டா பஞ்சாயத்து.

நெட் ஓர் ஆளுடைய பொருளாக இருந்த காலம் போய், ஒரு குடும்பத்தின் பொருளாகிவிட்டது. கரண்ட் போல, தண்ணீர் போல வீட்டுக்கு இணைப்பு வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் நாடு முழுக்க இன்னும் போனை நம்பியே ஓடுகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2024-ல் இந்தியாவில் இணைய இணைப்புகள் 95 கோடி. அதில் கம்பி வழியாக வருபவை சுமார் 4 கோடிதான்.

டவரைக் குறை சொல்லவில்லை. அலைக்கற்றைக்கு ஓர் அளவு உண்டு. அந்த நேரத்தில் டவரோடு ஒட்டியிருக்கிற எல்லா போனும் அதைத்தான் பங்கு போட்டாக வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து மினி பஸ் கதைதான்: வண்டி ஒன்று, ஏறுகிறவர்கள் நாலு ஊர். 5ஜி வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வேகம் கூடும், உண்மை. ஆனால் அதன் வேகமான அலை கான்கிரீட் சுவரைத் தாண்டி உள் அறைக்குப் போகும்போது நன்றாகவே இளைத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது: நல்ல டவர் என்று நீங்கள் சொல்கிற டவருக்கு நெட் வருவதே பெரும்பாலும் ஃபைபரில்தான். கடைசிக் கொஞ்ச தூரத்தைத்தான் காற்றில் விடுகிறார்கள். அந்தத் தூரத்துக்கும் கண்ணாடி இழையையே போட்டுவிடுங்கள் என்பதுதான் என் பேச்சு.

நான் போடுகிற லைனில் நொடிக்கு 2.5 ஜிகாபிட் இறங்கும் (டவுன்லோடு), 1.25 ஜிகாபிட் ஏறும் (அப்லோடு). கம்பத்துப் பெட்டியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் அதை 32 வீட்டுக்குப் பிரிக்கிறது. 32 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தாலும் வீட்டுக்கு நொடிக்கு 75 மெகாபிட்டுக்குக் குறையாமல் இறங்கும். அந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். பழைய கேபிள் டி.வி. லைனில் வழிநெடுக கரண்டில் ஓடுகிற ஆம்ப்ளிஃபையர் இருந்தது. இடி இடித்தால் ஒன்று போகும், நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கண்ணாடியில் கரண்ட் பாயாது.

ஏறுகிற வேகத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை; கவலைப்பட வேண்டியதே அதைத்தான். கீழத்தெருவில் ஆரி வேலை செய்கிற அக்கா ஒருவர் பிளவுஸ் டிசைனை வீடியோ எடுத்துப் போட்டு வெளியூர் ஆர்டர் பிடிக்கிறார். ராத்திரி பதினொன்றுக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய் போனை உயரத் தூக்கிப் பிடித்தால்தான் அந்த வீடியோ ஏறுகிறது. ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நினைக்கிற ஐ.டி. பிள்ளைகளும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, அப்லோடு எவ்வளவு?"

குறையையும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் வீட்டில் இருக்கிற மோடம் அணைந்துவிடும். அதற்கு மினி யு.பி.எஸ். தனியாக வாங்க வேண்டும். மாத வாடகையும் எல்லாருக்கும் இலேசான தொகை அல்ல. தனியாளாக இருப்பவருக்குப் போன் ரீசார்ஜே போதும், அவர் வாங்க வேண்டாம். நாலு போன் உள்ள வீடு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருடத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை.

இனி தெருவுக்கு வருவோம். எனக்குப் போட்டி அடுத்த ஆபரேட்டர் இல்லை. அறுவடை மெஷினும் அணிலும்தான். கதிர் முற்றியதும் லாரியில் ஏறி வருகிற மெஷின், தாழ்வாக இழுத்த வயரை ஒரே போக்கில் வாரிக்கொண்டு போகிறது. தென்னை மட்டை விழுவது தனி. வீட்டு மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தால் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடித்து, இரண்டு முனையையும் சீவி, துடைத்து, மெஷினில் வைத்து ஒட்ட வேண்டும். இழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. தூசி ஒட்டினாலும் ஜாயிண்ட் தேறாது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜே.சி.பி. அறுத்துவிட்டுப் போனால் அந்த வேலைக்கு ஒரு நாள் ஆகும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நம் பக்கத்தில் எந்தக் கம்பமும் மிஞ்சவில்லை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால்தான் தீர்மானம் கேட்கிறேன். மெஷினும், வைக்கோல் லாரியும், திருவிழாச் சப்பரமும் தடையில்லாமல் போகிற உயரத்தில் பொதுக் கம்பம். இனி ரோடோ குழாயோ போடப் பள்ளம் தோண்டினால், அதே பள்ளத்தில் வெறும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சேர்த்துப் புதைத்துவிடுங்கள். நாளைக்கு ஃபைபரை அதற்குள் தள்ளிக்கொள்ளலாம், ரோட்டை மறுபடி கொத்த வேண்டாம். தோண்டுவதற்கு முந்தின நாள் ஒரு போன். எந்த ஒரு ஆபரேட்டருக்கும் தனி உரிமை கொடுக்காதீர்கள்; எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாலு பேர் வந்தால்தான் ராத்திரி அறுந்த லைனை ராத்திரியே ஒட்டுவோம்.

இன்னொரு வரியையும் தீர்மானத்தில் எழுத வேண்டும்: காலனித் தெருக்களுக்கும் அதே நேரத்தில் லைன் போக வேண்டும். எங்கள் தொழிலில் நடப்பதை மறைத்துப் பயனில்லை. பணம் கட்டும் வீடு அதிகம் எங்கேயோ அங்கேதான் முதலில் பெட்டி மாட்டுவோம். காலனி 'அப்புறம்' என்று இருக்கும், அந்த அப்புறம் வராது. ஊராட்சித் தெருவில் வழி வாங்குகிற எவனும் எல்லாத் தெருவுக்கும் போட்டாக வேண்டும் என்று நீங்கள்தான் கட்டுப்பாடு வைக்க முடியும்.

அரசுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கிராம ஊராட்சிகளை இழையால் இணைக்க மத்திய அரசு 2011-லேயே ஒப்புதல் கொடுத்தது. பிறகு அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டது 12,525 ஊராட்சிகள், அந்த வேலைக்கென்றே ஒரு மாநில நிறுவனம். ஆனால் அந்தத் திட்டம் முதலில் வைத்த குறி ஊராட்சி அலுவலகம்தான். 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்குத் திருத்திய பிறகுதான் கிராமத்து வீடுகளும் பெரிய அளவில் கணக்கில் வந்தன. கேரளம் அதே ஆண்டு ஜூனில் கே-ஃபோன் என்ற அரசு ஃபைபர் நெட்டைத் தொடங்கி, 20 லட்சம் ஏழை வீடுகளுக்கு இலவசமாகத் தருவதாக இலக்கு வைத்தது. மேலிருந்து பணம் எப்போது வந்தாலும், வழியும் கம்பமும் குழாயும் தயாராக உள்ள ஊரில் வேலை சீக்கிரம் நடக்கும்.

மனுவை எழுதி வைத்திருக்கிறேன். தெருவுக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, எத்தனை வீடு, எங்கே கம்பம் நட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, எந்த மரத்தை ஒட்டி லைன் போகக் கூடாது என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நூலகம் மூன்றையும் முதல் வரிசையில் போட்டிருக்கிறேன். ஆட்சேபணை இருக்கிறவர்கள் கூட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள். எதிர்த்துப் பேசினாலும் அது நோட்டில் ஏறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் கேபிள்காரன்