ஊட்டி ரிசார்ட்டின் ஸ்டேக் ஹவுஸில் மே 17 இரவு நடந்தது: நிர்வாகத்துக்கு என் நான்காவது புகார்க் கடிதம்

அனுப்புநர்: வாடிக்கையாளர், தூத்துக்குடி
பெறுநர்: பொது மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை
நாள்: 22.9.2025

பொருள்: உங்கள் ஊட்டி ரிசார்ட்டில் உள்ள ஸ்டேக் ஹவுஸில் (ஸ்டேக் எனும் தடித்த மாட்டுக்கறித் துண்டை வாட்டித் தரும் உணவகம்) 17.5.2025 அன்று நடந்த அவமரியாதை, கழிக்காமல் விட்ட அட்வான்ஸ் ரூ.5,000, கட்டாயமாக வாங்கிய சர்வீஸ் சார்ஜ் ஆகியவை பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

இதற்கு முன் மூன்று கடிதங்களை இங்கிலீஷில் மின்னஞ்சல் செய்தேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: கருத்துக்கு நன்றி, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம். அந்த 48 மணி நேரம் நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதைத் தமிழில் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க வேண்டி வந்தாலும் இதையேதான் கொடுப்பேன்.

அறுபதுகள் மாதிரி அலங்கரித்த உங்கள் ஸ்டேக் ஹவுஸ், மே 17 சனிக்கிழமை, இரவு 7.30, ஐந்து பேர். ஜூக்பாக்ஸைத் தாண்டினால் ஜன்னலோரம் சிவப்பு சோபா, 7 என்று எழுதிய கறுப்பு டெலிபோன் வைத்த மேஜை. எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பா, அம்மாவுக்குக் கல்யாணமாகி 50 வருடம் ஆன நாள் அது. புக் பண்ணும்போதே அதைச் சொன்னேன். உங்கள் ரிசர்வேஷனில் பேசிய பெண் அழகாகக் கேட்டு எழுதிக்கொண்டார். 'அறுபதுகளுக்கே கூட்டிப் போய்டுவோம் மேடம்' என்றார். நம்பி அன்றைக்கே ரூ.5,000 அனுப்பினேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் 1972 முதல் 2004 வரை சரக்குக் கப்பல்களில் சமையல்காரர். கப்பல் சமையலறை எடுபிடியாக ஏறி, சீஃப் குக்காக இறங்கினார். பல தேசத்து கேப்டன்களுக்கும் என்ஜினியர்களுக்கும் 32 வருடம் ஸ்டேக் போட்டுக் கொடுத்த கை அது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கப்பலில் ஸ்டேக் நாள். யாருக்கு ரேர் (அதிகம் வேகாதது), யாருக்கு வெல் டன் (முழுக்க வெந்தது) என்று மனப்பாடமாக வைத்திருப்பாராம். ஆனால் ஒரு நாள்கூட நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாற, அவர் ஸ்டேக் சாப்பிட்டதில்லை. அதற்காகத்தான் உங்கள் இடத்தைத் தேடிப் பிடித்தேன். தூத்துக்குடியிலிருந்து ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்து, 76 வயதுக்காரரை ஒரு பகல் முழுக்கக் காரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தோம். கடைசியாக 2004-ல் போட்ட கோட்டை அவரே தேய்த்துப் போட்டிருந்தார்.

அந்த மனிதரைப் பார்த்து உங்கள் ஃப்ளோர் மேனேஜர் சொன்னது இது: 'பெரியவருக்கு ஸ்டேக் பழக்கம் இல்ல போல. வேணும்னா சிக்கன் ஃப்ரைட் ரைஸ் போட்டுத் தரச் சொல்றேன்.'

வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுத முடியவில்லை. நான்கு மாதமாக ராத்திரி படுத்தால் அந்த வாக்கியம்தான் காதில் கேட்கிறது. அவர் அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. என் கணவரைப் பார்த்து, அப்பா அங்கே இல்லாத மாதிரி, கையை அப்பா பக்கம் காட்டிச் சொன்னார்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அப்பா ரிப் ஐ கேட்டார், அதாவது விலாப் பகுதிக் கறி, மீடியம் ரேர் பதத்தில். ஆர்டர் எடுத்த பையன் தங்கமான பையன், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவனை எதுவும் செய்துவிடாதீர்கள். 40 நிமிடம் கழித்துத் தட்டு வந்தது. மரப்பலகை மேல் பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டு, அடியில் முட்டைக்கோஸ் இலை கருகிப் புகைந்துகொண்டிருக்க, மேலே கறி. அப்பா கத்தியை எடுக்கவே இல்லை. விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். 'சிஸ்லர் தட்டுல வச்சா அது வந்து சேர்றதுக்குள்ள வெந்துரும்லா, எப்படி மீடியம் ரேரா இருக்கும்?' என்று அந்தப் பையனிடம் மெதுவாகத்தான் கேட்டார். வெட்டிக் காட்டினார். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே சாம்பல் நிறம். ஒரு சொட்டு ஈரம் இல்லை. மீடியம் ரேர் என்றால் நடுவில் 55 டிகிரி சூட்டை ஒட்டி இருக்க வேண்டும், இளஞ்சிவப்பாக இருக்கும், இறக்கிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் தட்டில் வைக்க வேண்டும். ஒரு தட்டுக்கு ரூ.3,800 வாங்குகிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

இன்னொன்றையும் அப்பாதான் கண்டுபிடித்தார். ரிப் ஐ என்றால் கறிக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஓடியிருக்கும், நடுவில் ஒரு கொழுப்புக் கண் இருக்கும். தட்டில் இருந்தது கொழுப்பே இல்லாத, ஒரே நாராக நீண்ட துண்டு. 'இது அண்டர்கட்டு, ரிப் ஐ இல்ல' என்றார். அண்டர்கட் என்றால் முதுகெலும்புக்கு அடியில் உள்ள கறி. உங்கள் மெனு கார்டில் 'ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதி செய்த ரிப் ஐ' என்று அச்சடித்திருக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நம் நாட்டுக்குள் பீஃப் இறக்குமதி செய்யவே தடை இருக்கிறது என்பது எனக்கு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் அந்த ஆஸ்திரேலியக் கறி எந்த வழியாக ஊட்டிக்கு வந்தது? உள்ளூர் எருமைக் கறி என்று போட்டிருந்தாலும் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்போம், எங்களுக்கு அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. இந்தக் கேள்வியை மூன்று மின்னஞ்சலிலும் கேட்டேன். நீங்கள் இதைத் தொடவே இல்லை.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார், ஃப்ரைட் ரைஸ் பேச்சைப் பேசினார். நான் எழுந்துவிட்டேன். அவர் யார் தெரியுமா, என்ன வேலை பார்த்தவர் தெரியுமா என்று கேட்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். 'விடும்மா, அம்மைக்குப் பசிக்குதுல்லா, சாப்புடுங்க' என்றார். அந்தத் துண்டை முழுசாகத் தின்று முடித்தார். சமைத்ததை வீணாக்கக் கூடாது என்பது அவர் பழக்கம். கோட்டு கையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல் மென்றுகொண்டே இருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 50-வது கல்யாண நாள் அப்படித்தான் முடிந்தது. இனி 51 வரும், 52 வரும், 50 வருமா?

மேஜைக்கு மேஜை வைத்திருக்கும் டயல் போனைச் சுழற்றினால் கிச்சனில் பேசலாம் என்று உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது. என் மகன் ஆசையாகச் சுழற்றினான், ஒரு சத்தமும் இல்லை. அடியில் பார்த்தால் வயரே இல்லை. ஜூக்பாக்ஸில் லைட் மட்டும் எரிகிறது. கிராமபோன் மேல் ரிக்கார்டு இருக்கிறது, ஆனால் பாட்டு வந்தது சீலிங் ஸ்பீக்கரிலிருந்து, அதுவும் போன வருடத்துக் குத்துப்பாட்டு. அம்மா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவள். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் அது உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கணீரென்று கேட்கும். பழைய பாட்டு ஒன்று போடச் சொல்லிக் கேட்கலாமா என்று வாசலிலிருந்தே என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். கேட்கவே இல்லை.

அப்புறம் பில். ஐந்து பேருக்கு ரூ.19,000. தண்ணீர் நான்கு பாட்டில், ஒன்று ரூ.350, மொத்தம் ரூ.1,400. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, நல்ல விஷயம், அதற்காகச் சாதாத் தண்ணீரே கிடையாது, கண்ணாடி பாட்டில்தான் என்றால் என்ன நியாயம்? இதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ரூ.2,040. அதற்கும் சேர்த்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் ரூ.26,479.20. சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னோம். 'சிஸ்டத்துல ஆட்டோமேட்டிக்கா வருது, எடுக்க முடியாது' என்றார் அதே மேனேஜர். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல்காரர்கள் அதை எதிர்த்துப் போன வழக்கை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. நாங்கள் சாப்பிட வந்தது அதற்கு ஏழு வாரம் கழித்து. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது தெரியாது என்று சொல்லாதீர்கள்.

அந்த ரூ.5,000 அட்வான்ஸைப் பில்லில் கழிக்கவே இல்லை. கேட்டதற்கு, அது ரிசார்ட் கணக்குக்குப் போய்விட்டது, ரெஸ்டாரன்ட் வேறு கணக்கு, ஃப்ரண்ட் ஆபீஸில் கேளுங்கள் என்றார்கள். ஃப்ரண்ட் ஆபீஸில், நீங்கள் ரூம் எடுக்கவில்லையே, ரெஸ்டாரன்ட்டில் கேளுங்கள் என்றார்கள். குளிரில் அப்பா, அம்மாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு அந்த ஏற்றத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். ஊருக்கு வந்து போன் செய்தால், தலைமை அலுவலகத்தில் கேளுங்கள். தலைமை அலுவலகத்தில், யூனிட்டில் கேளுங்கள். ஜூன் மாதம் ஒருவர் போனில் என்ன சொன்னார் தெரியுமா? கூகுளில் ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அட்வான்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் பார்க்கிறோம் என்றார். தேதி, நேரம், எந்த நம்பரிலிருந்து வந்தது எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

இதற்கும் மேலே ஒன்று நடந்தது. அசல் ரசீதோடு ஜூலை 14 திங்கட்கிழமை காலை 11 மணிக்குச் சென்னை அலுவலகத்துக்கு நேரில் வந்தால் அன்றைக்கே முடித்துத் தருகிறோம் என்று நீங்கள்தான் மின்னஞ்சல் அனுப்பினீர்கள். ஞாயிறு இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினேன். ஸ்கூலில் ஒரு சி.எல். போட்டேன். எழும்பூரில் இறங்கி, வெயிட்டிங் ரூமில் முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு 10.45-க்கு உங்கள் வாசலில் நின்றேன். செக்யூரிட்டி பெயர் எழுதச் சொல்லி உட்கார வைத்தார். 12 மணிக்கு, நான் பார்க்க வேண்டிய மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார். 1.30-க்கு, மேடம் சாப்பிடுகிறார். 3.30-க்கு ஒரு பெண் கீழே வந்து, மேடம் காலையிலேயே கோயம்புத்தூர் போய்விட்டார் என்றார். காலையிலேயே போனவர் எப்படி 12 மணிக்கு மீட்டிங்கில் இருந்தார்? ஜெராக்ஸ் வேண்டாம், அசல் ரசீதைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். நான் கொடுக்கவில்லை. நாலே முக்கால் மணி நேரத்தில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தரவில்லை. தமிழ்நாட்டின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஐயாயிரம் ரூபாய்க்காக அலைய வைத்துத் திருப்பி அனுப்பினீர்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வவுச்சர் வந்தது. அடுத்த முறை வந்தால் 10 சதவீதம் தள்ளுபடி, வார நாள் மட்டும், குறைந்தது ரூ.15,000-க்குச் சாப்பிட வேண்டும், மூன்று மாதத்துக்குள். அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் நிறுவனத்தில் எல்லோரும் இப்படி இருக்க மாட்டார்கள் என்று இன்னும் நம்புகிறேன். அதனால் தயவாகக் கேட்கிறேன். அட்வான்ஸ் ரூ.5,000, சர்வீஸ் சார்ஜும் அதன் மேல் போட்ட வரியும் ரூ.2,407.20, அப்பாவின் தட்டுக்கு ரூ.3,800, சென்னைக்கு வந்துபோன செலவு ரூ.2,950 ஆகியவற்றை இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். மெனு கார்டில் உள்ள இறக்குமதி ரிப் ஐ பற்றி எழுத்தில் விளக்கம் தாருங்கள்.

தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பதிவு செய்துவிட்டு நேராகத் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ம் வருடத்துச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரைக்கும் உள்ள விஷயத்துக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, எனக்கு அவசரம் இல்லை. அங்கே மன உளைச்சலுக்கு ரூ.2 லட்சம் கேட்பேன், அதுகூட அன்று எங்கள் வீட்டுக்கு நேர்ந்த அவமானத்துக்கு ஈடாகாது. வாய்தாவுக்கு வாய்தா இனி நீங்கள்தான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் வர வேண்டும். மெனு கார்டு போட்டோ உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் போகும், உங்கள் பில்லில் உள்ள லைசென்ஸ் நம்பரோடு.

பணத்தைவிட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த மேனேஜர் அப்பாவிடம் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் வேண்டாம், என் கணவரிடமும் வேண்டாம், அப்பாவிடம் நேராகப் பேச வேண்டும். அவர் நம்பர் புக்கிங் பாரத்தில் இரண்டாவதாக இருக்கிறது. காது கொஞ்சம் மந்தம், நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். மதியம் 2 முதல் 4 வரை தூங்குவார், அப்போது கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மேஜை எண் 7, 17.5.2025

இணைப்பு: பில் நகல், அட்வான்ஸ் ரசீது நகல் (அசல் என்னிடம் உள்ளது), மெனு கார்டு போட்டோ, ஜூலை 14 சந்திப்புக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், வவுச்சர்.